மாத்திரையை மாற்றுவதா, மணியை மாற்றுவதா?

அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் காலை ஒன்பது மணிக்கு எழுதிய வரியும் பதினொன்றே முக்காலுக்கு எழுதிய வரியும் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும். ஒன்பது மணி எழுத்து, காலமெல்லாம் கணக்கு எழுதியவரின் எழுத்து. உருண்டு, நிமிர்ந்து, கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். பதினொன்றே முக்கால் எழுத்து தொடங்கும்போதே பாதியாக இருக்கும், வரி முடியும்போது கடுகாகிவிடும். எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே எழுத்து சொல்லிவிடும். அடுத்த மாத்திரை பன்னிரண்டு மணிக்கு. அது பிடிக்கும்வரை இடையில் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது?

நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய் வந்து சில வருடங்கள் ஓடிய வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆரம்பத்தில் மூன்று வேளை மாத்திரை போட்டால் நாள் ஓடிவிடும். வேளைக்கும் வேளைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள், விழுங்கிய மாத்திரை இத்தனை மணி நேரம்தான் தாங்கும் என்பது தெரியவரும். டாக்டர்கள் இதை 'வேரிங் ஆஃப்' என்கிறார்கள். மருந்து பிடித்திருக்கும் நேரம் 'ஆன்', விட்டுப்போன நேரம் 'ஆஃப்'. எங்கள் அம்மாவுக்கு இந்த வார்த்தைகள் வேண்டாம். "கரண்ட் இருக்கா, போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்.

எங்கள் நரம்பியல் டாக்டர் ஐந்தாறு வழிகள் சொன்னார். எல்லாமே சரியான வழிகள்தான், எதுவுமே இலவசம் இல்லை என்றார். ஒவ்வொன்றையும் நான் இரண்டு கேள்விகளால் எடை போட்டுப் பார்த்தேன்: உடம்பு தாங்குமா, வீடு தாங்குமா? முதல் கேள்விக்கு டாக்டர்தான் பதில் சொல்ல முடியும். இரண்டாவதை டாக்டரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஆறு வேளை என்று சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டால் வீட்டில் ஆறு வேளை நடந்துவிடுவதில்லை.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ஒப்பிட முடியாது, ஆகவே கொஞ்சம் உள்ளே போகலாம். மூளையின் அடித்தண்டில் கறுப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதியில் அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் மெல்ல அழிவதுதான் இந்த நோயின் மையம். டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபா நுழையும். 1961-ல் வியன்னாவில் பிர்க்மேயரும் ஹார்னிகீவிச்சும் அதை ஊசியாகப் போட்டார்கள். அசைய முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பலன் தணிந்து ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கே திரும்பினார்கள். இன்று நாம் 'வேரிங் ஆஃப்' என்று அலுத்துக்கொள்வது அன்றைக்கே அந்த ஊசியோடு தெரிந்துவிட்டது. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ், வாய்வழியாக அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்தால் பலன் நிலைக்கிறது என்று காட்டினார். கார்பிடோபா என்ற துணை மருந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறி வீணாகாமல் அது தடுக்கிறது. அப்படித் தடுத்தும்கூட ரத்தத்தில் லெவோடோபாவின் அரை ஆயுள், அதாவது இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நோயின் தொடக்கத்தில் மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்து நிதானமாகச் செலவழிக்கின்றன. செல்கள் குறையக் குறைய சேமிப்பு போய், அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் தின்கிற நிலை வந்துவிடுகிறது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு எண்கள் இருக்கும். லெவோடோபா 100 மில்லிகிராம் என்பதோடு கார்பிடோபா 10 அல்லது 25 என்று போட்டிருக்கும். குமட்டலைத் தடுக்க ஒரு நாளைக்கு மொத்தம் 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவைப்படும். 10 உள்ள மாத்திரையை மூன்று வேளை போட்டால் 30-தான் சேரும். 25 உள்ளதைப் போட்டால் 75. அப்பாவுக்கு முதல் ஆறு மாதம் ஓயாத குமட்டல். வயிற்றைப் பார்த்தோம், ஈரலைப் பார்த்தோம், அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்த டாக்டர் 10-ஐ 25 ஆக மாற்றினார். இரண்டு வாரத்தில் குமட்டல் அடங்கியது. புதிய மருந்து எதையும் சேர்க்கவில்லை.

செலவில்லாத வழி முதலில்

மருந்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியது, இருக்கும் மாத்திரை உள்ளே ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். புரதம் செரித்தால் கிடைப்பதும் அமினோ அமிலங்கள்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக இரண்டுக்கும் ஒரே வாசல். பால், பருப்பு, முட்டை, இறைச்சி என்று புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் வாசலில் தள்ளுமுள்ளு. அதனால்தான் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று சொல்கிறார்கள். புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. இந்த நோயில் எடை குறைவதும் தசை கரைவதும் ஏற்கெனவே நடக்கும். மொத்த அளவைக் குறைக்காமல் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைப்பது சிலருக்குப் பலன் தருகிறது. வெறும் வயிற்றில் குமட்டினால் புரதமில்லாமல் ஏதாவது லேசாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் அப்படித்தான். இந்த நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாகும். குடல் அடைத்திருந்தால் மாத்திரை பாதி வழியில் காத்துக்கிடக்கும். "மாத்திரை வேலை செய்யலை" என்று அப்பா சொன்ன நாட்களில் பாதி, மூன்று நாளாக வயிறு சுத்தமாகாத நாட்கள் என்பதை நோட்டுப் புத்தகம்தான் காட்டிக்கொடுத்தது.

எங்கள் வீட்டில் எட்டு மணி மாத்திரையும் காலைச் சாப்பாடும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. மாத்திரையை ஏழரைக்கு மாற்றினோம். தீர்வது தள்ளிப்போகவில்லை, ஆனால் பிடிப்பது சீக்கிரமானது. முன்பு ஒன்பதுக்கு வந்த 'ஆன்' இப்போது எட்டுக்கு வந்தது. இது ஒரு முழு மணி நேரம். எந்த மருந்தையும் கூட்டாமல் கிடைத்த மணி நேரம்.

கூட்டுவதா, பிரிப்பதா

இதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் எல்லோர் மனதிலும் முதலில் தோன்றுவது ஒவ்வொரு வேளையிலும் அளவைக் கூட்டலாமே என்பது. அரை ஆயுள் கணக்கு இங்கே உதவும். அளவை இரட்டிப்பாக்கினால் மருந்து நிற்கும் நேரம் இரட்டிப்பாகாது; ஓர் அரை ஆயுள், அதாவது சுமார் ஒன்றரை மணி நேரம்தான் கூடும். ஆனால் உச்சம் இரட்டிப்பாகும். அந்த உச்சத்தில்தான் டிஸ்கைனீசியா என்கிற கட்டுப்பாடில்லாத அசைவுகள் வரும்: தோள் குலுங்கும், கழுத்து வளையும், உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஆடும். பார்க்கிறவர்களுக்கு நோய் முற்றிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது மருந்து அதிகமானதன் அடையாளம். வேளைக்கு வேளை பலனே போதவில்லை, ஆன் நேரத்திலும் விறைப்பு தெரிகிறது என்றால் அளவைக் கூட்டுவதில் அர்த்தம் உண்டு. பலன் நன்றாக இருந்து நேரம் மட்டும் போதவில்லை என்றால் இது சுற்றுவழி.

அதே மொத்த அளவை நான்குக்குப் பதில் ஐந்து, ஆறு வேளையாகப் பிரிப்பது நேர்வழி. உச்சம் தாழும், பள்ளம் நிரம்பும். எனக்கு இதுதான் பிடித்த வழி, ஆனால் இதில்தான் வீடு அதிகம் தாங்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் ரொம்பச் சிறியதாகிவிட்டால் மருந்து அந்த வேளையில் பிடிக்காமலே போகலாம். ஆகவே எவ்வளவு சிறியதாக வெட்டலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவில் ஐந்து வெறும் வயிற்று நேரங்களைக் கண்டுபிடிப்பதும் சாதாரண வேலை இல்லை. நான் ஒரு தாளில் நாளை இருபத்துநான்கு கட்டமாக வரைந்து, சாப்பாட்டைச் சிவப்பிலும் மாத்திரையை நீலத்திலும் போட்டுப் பார்த்தேன். மூன்று தாள்கள் கிழிந்தன.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இதற்கு எளிய மாற்று போலத் தோன்றும். பெயரே ஆசை காட்டும். ஆனால் அதில் உள்ள லெவோடோபாவில் சாதாரண மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 70 சதவீதம்தான் உடம்புக்குக் கிடைக்கும். பிடிக்கவும் நேரமாகும், ஒருநாள் போல மறுநாள் இருக்காது. ஆகவே சாதாரண மாத்திரையை எடுத்துவிட்டு அதே எண்ணுள்ள இதை வைத்தால் அளவு குறைந்ததற்குச் சமம். முக்கியமாக, இதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். விழுங்கச் சிரமப்படுகிறார் என்று அன்போடு பொடித்துத் தண்ணீரில் கலக்குகிற வீடுகளுக்கு இது ஆகாது. இரவில் புரண்டு படுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு, படுக்கும் நேரத்தில் ஒரு வேளையாக, இது பயன்படுகிறது. பகலுக்கு நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

துணைக்கு ஒன்று சேர்ப்பது

லெவோடோபாவையோ அதிலிருந்து உண்டாகும் டோபமைனையோ உடைக்கும் என்சைம்களைத் தடுத்துப் பலனை நீட்டும் மருந்துகள் இரண்டு வகை.

என்டகபோன் முதல் வகை. இதைத் தனியாகப் போட்டால் பலனே இல்லை. ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் 200 மில்லிகிராம் சேர்த்துப் போட வேண்டும். லெவோடோபா, கார்பிடோபா, என்டகபோன் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருகிறது. சிறுநீர் செம்பழுப்பாகப் போகும்; முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள். சிலருக்கு சில வாரங்கள் கழித்து வயிற்றுப்போக்கு தொடங்கும், அதற்கும் இந்த மருந்துக்கும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. டிஸ்கைனீசியா கூடினால் லெவோடோபா அளவைக் குறைக்க வேண்டிவரும். இதே குடும்பத்து டோல்கபோன் ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் கொடுப்பதில்லை. ஓபிகபோன் இரவில் ஒரே ஒரு முறை, லெவோடோபாவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி.

இரண்டாவது வகையில் செலஜிலின், ரசாஜிலின், சஃபினமைட். ரசாஜிலின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற தகராறு இல்லை. வீடு தாங்குமா என்ற கேள்வியில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். பலன் அடக்கமானது, ஆஃப் நேரத்தைக் கொஞ்சம் சுருக்கும், அற்புதம் செய்யாது. செலஜிலின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் காலையிலும் மதியத்திலும் மட்டும் கொடுப்பார்கள்.

இந்த வகையின் ஆபத்து வேறு இடத்தில், வீட்டு மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கும் பல இருமல் மருந்துகளில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கும். வலிக்குக் கொடுக்கும் ட்ராமடால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போடும் பெத்திடின் ஊசி இவையும் அப்படியே. இவற்றோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனத்தின் அளவு கட்டுமீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சோர்வு மருந்துகளில் பலவற்றோடும் எச்சரிக்கை தேவை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ரசாஜிலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதானே என்ற நிம்மதியோடு, வேறு எந்த மருந்தையும் கேட்காமல் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்து வாங்குகிறோம். வீட்டில் ஆளாளுக்கு மருந்து வாங்கிவரும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டிய மருந்து

பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளும் ரோட்டிகோடின் ஒட்டுப்பட்டையும் டோபமைனைப் போலவே நடிப்பவை. லெவோடோபாவைவிட நீண்ட நேரம் நிற்கும். 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து வருட முடிவில் ரோபினிரோலில் தொடங்கியவர்களில் 20 சதவீதத்தினருக்கும், லெவோடோபாவில் தொடங்கியவர்களில் 45 சதவீதத்தினருக்கும் டிஸ்கைனீசியா வந்திருந்தது. இதைப் பார்த்துப் பல வருடம் லெவோடோபாவைத் தள்ளிப்போடுவது வழக்கமாக இருந்தது. "இப்பவே போட்டா அப்புறம் வேலை செய்யாது" என்ற பயம் அந்தக் காலத்து மிச்சம்; இன்னும் சொல்கிறார்கள். கானாவிலும் இத்தாலியிலும் உள்ள நோயாளிகளை ஒப்பிட்டு 2014-ல் வந்த ஆய்வு, இந்தத் தொல்லைகள் லெவோடோபா எத்தனை வருடம் சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து வருவதில்லை, நோய்க்கு எத்தனை வயது, அளவு எவ்வளவு என்பதைப் பொறுத்தே வருகின்றன என்று காட்டியது. அதே வருடம் பிரிட்டனில் 1620 பேரை வைத்து நடந்த 'பிடி மெட்' ஆய்வு, லெவோடோபாவில் தொடங்கியவர்களின் நடமாட்டம் சிறிதளவே ஆனாலும் தொடர்ந்து மேலாக இருந்ததைப் பதிவு செய்தது. மாத்திரையைச் சேமித்துவைக்க முடியாது என்பதே என் புரிதல். தேவைப்படும்போது போடாமல் இழந்த நடை பிறகு வட்டியோடு திரும்பி வருவதில்லை.

இந்த வகை மருந்துகளில் இரண்டு விஷயங்களை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். ஒன்று, எச்சரிக்கையே இல்லாமல் வரும் தூக்கம். வண்டி ஓட்டுகிறவர் என்றால் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இன்னொன்று, அடக்க முடியாத உந்துதல்: சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, பாலுறவு வேட்கை, ஓயாமல் தின்பது. 3090 பேரை ஆராய்ந்த 'டொமினியன்' ஆய்வில் இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கும் சாப்பிடாதவர்களில் 7 சதவீதத்தினருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. இதைச் செய்கிறவருக்கு அது நோயாகத் தெரியாது; ஆசையாகத்தான் தெரியும். சொல்ல வெட்கப்படுவார், மறைப்பார். குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் சண்டை நடக்கும், காரணம் மாத்திரை டப்பாவில் இருக்கும். அதற்காக நாமே திடீரென்று நிறுத்தவும் கூடாது. பதற்றம், மனச்சோர்வு, வியர்வை என்று நிறுத்தலின் தொல்லை தனியாகப் பிடித்துக்கொள்ளும்.

வயதானவர்களுக்கும் ஞாபகம் குறைந்தவர்களுக்கும் மாயக்காட்சிகள் வரும் வாய்ப்பு இதில் கூடுதல். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. நாங்கள் இந்த வழியை மரியாதையோடு கடந்துவந்தோம். இளவயதில் நோய் வந்து, வண்டி ஓட்டாத, வீட்டில் கண்காணிக்க ஆள் உள்ள ஒருவருக்கு என் தீர்ப்பு வேறாக இருக்கும்.

அமன்டடின் டிஸ்கைனீசியாவைக் குறைக்கும், சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ட்ரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்துக்கு உதவும். முதியவர்களின் ஞாபகத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதுதான் சிக்கல்: இயற்கைதானே என்று மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு தெரியாத இன்னொரு லெவோடோபாவைச் சேர்க்கிறோம், அதுவும் கார்பிடோபா இல்லாமல்.

எந்த வழியானாலும் மாறாதவை

மேலே உள்ள எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாழாக்கக்கூடிய சில மருந்துகள் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின். அமில மாத்திரையோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைட். மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால். எல்லாமே மூளையில் டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்பவை. வாந்தி, தலைசுற்றல், நெஞ்செரிச்சல் மூன்றும் இந்த நோயாளிகளுக்கு அடிக்கடி வருபவை, அதனால் இந்தச் சீட்டு எழுதப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. வாந்திக்கு டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாததால் ஏற்கப்படுகிறது. இதயத் துடிப்பின் லயம் சரியில்லாதவர்களுக்கு அதிலும் எச்சரிக்கை வேண்டும்.

ஒரு இரவு வாந்தியோடு அப்பாவை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான் பணம் கட்டும் வரிசையில் நின்றபோது ஊசி போட்டுவிட்டார்கள். மெட்டோகுளோப்ரமைட். வாந்தி நின்றது. மறுநாள் காலை அவரை உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் கரண்டு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. ஒரு பக்கம் கொடுக்கக் கூடாதவை, மறுபக்கம் மாத்திரை நேரங்கள்.

அந்த மறுபக்கமும் முக்கியம். மருத்துவமனையில் மருந்து, செவிலியர் வண்டி வருகிற நேரத்துக்குத்தான் வரும். பார்க்கின்சனுக்கு அது ஆகாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, சேர்க்கப்பட்ட நோயாளிக்குக் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோபா கிடைக்க வேண்டும் என்று தர அளவுகோலாகவே வைத்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு வெறும் வயிறு என்று சொன்னாலும் இந்த மாத்திரையை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிரைக் குடிக்கும் நிலை வரக்கூடும். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்குக் குழாய் வழியாகவோ ஒட்டுப்பட்டையாகவோ வழி இருக்கிறது.

மருந்து மாற்றிய முதல் வாரங்களில் ரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் பாருங்கள். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுவதற்கு நேரம் பார்க்கிறது என்று பொருள். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. அடுத்தது நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டியதுதான்.

நேரம் காப்பதற்கு மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். வாரப் பெட்டியில் ஒரு நாளைக்கு நான்கு அறைகள்தான். ஐந்து வேளைக்கு ஆனதும் உதவவில்லை, அதன் மூடியை ஆஃப் நேரத்தில் அப்பாவின் விரலால் திறக்கவும் முடியவில்லை. கைபேசி அலாரம் அடிக்கும், அவர் அணைப்பார், "போட்டுட்டேம்மா" என்பார். மாத்திரை மேசையிலேயே இருக்கும். பொய் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டேன், பிறகு கவனித்தேன்: அணைத்ததையே போட்டதாக அவர் நம்புகிறார். இப்போது ஐந்து சின்ன மூடி போட்ட டப்பாக்கள், மேலே பெரிய எண்ணில் மணி. காலி டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அலாரம் அடித்து ஐந்து நிமிடத்தில் அம்மா போய்க் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அம்மா ஊரில் இல்லாத நாட்களில் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. அதனால்தான் தனியாக வாழும் ஒருவருக்கு நான் ஐந்து வேளையைவிட, லெவோடோபாவை நான்கிலேயே வைத்து, கூட ஒரு வேளை ரசாஜிலினைப் பற்றிக் கேட்கச் சொல்வேன்.

எங்கள் முடிவு இப்படிப் போனது. முதலில் மணியை மாற்றினோம், பிறகு நான்கை ஐந்தாகப் பிரித்தோம். எட்டு மாதம் அது ஓடியது. பிறகு மறுபடி எழுத்து சிறுக்கத் தொடங்கியதும் டாக்டர் ரசாஜிலினைச் சேர்த்தார், அன்றே வீட்டிலிருந்த இருமல் மருந்தைக் கொட்டினேன். பதினொன்றே முக்கால் வரி இப்போது ஒன்பது மணி வரியில் முக்கால்வாசி உயரம் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தது நான் இல்லை, அப்பாதான்.

பகல் ஒருவிதமாக நேரானது. இரவு இன்னும் ஆகவில்லை. மூன்று மணிவாக்கில் விறைத்துக்கொண்டு, அம்மாவை எழுப்பித்தான் புரண்டு படுக்கிறார். படுக்கும்போது மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்று, இரண்டு வாரம் போட்டுப் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நேற்று நான்காவது இரவு. நோட்டில் அம்மாவின் கையெழுத்து: "3.20 விழிச்சார். என்னைக் கூப்பிடலை. தானே திரும்பிப் படுத்தார்."